கெம்பண்ணா சொன்ன ‘இல்லே’

சென்ற வாரம் வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வந்தார். பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தார். ஆறும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் விட்டால் ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டுவிடும், அப்புறம் யார் குனிந்து எடுப்பது? மூடி கழன்றதும் அந்த நெடி வந்தது. புளிப்பும் இரும்பும் கலந்து மூக்கு நுனியைக் கிள்ளுகிற ஆசிட் நெடி.

“தள்ளி நில்லுங்க பெரியவரே. வேட்டில பட்டா ஓட்டை உழுந்துரும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய காக்கிக் கால்சட்டையில் அப்படி ஒன்பது ஓட்டைகள் இருந்தன. ஒன்பதையும் என் மனைவி ஒன்பது விதமான நூலால் தைத்திருந்தாள். ஒசூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஓடு வேய்ந்த ஓர் அறையில், சுவரோரம் பேட்டரிகளை அடுக்கி வைத்து, அவற்றின் நெடியைச் சுவாசித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது ஐம்பதுகளில். அதை ஒயர்லெஸ் ரூம் என்பார்கள். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் ‘ஒயர்லெசு’. “ஒயர்லெசு சாப்டாச்சா?” “ஒயர்லெசுக்குக் காய்ச்சலாமே?” இப்படித்தான்.

வேலை என்னவென்றால், இடது கைப் பக்கம் ஒரு டெலிபோன், வலது கைப் பக்கம் ஒரு மைக். எல்லையில் இருக்கிற சாவடிகள் டெலிபோனில் பேசும். அதைக் கேட்டு, ரோந்து போகிற வேனுக்கு மைக்கில் சொல்ல வேண்டும். எங்கே போ, எங்கே நில், யாரை மடக்கு. வேன் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் அதற்கு ‘நம்பர் ஒன்’ என்று பெயர். இரண்டாவது வேன் இல்லாத ஊரில் முதல் நம்பர் எதற்கு என்று ஆரம்பத்தில் நான் மேலதிகாரியிடம் கேட்டேன். முறைத்தார். அத்தோடு விட்டுவிட்டேன்.

இந்த நாற்காலிக்கு நான் நேராக வந்து சேரவில்லை. கல்லாவியில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கிருஷ்ணகிரியில் பள்ளி இறுதி வகுப்புத் தேறியதும், அதே ஊரில் ஒரு மாங்காய் மண்டியில் எண்ணிக்கைக்காரனாகச் சேர்ந்தேன். கைக்கு ஐந்து காயாக எடுத்துப் போட்டுக்கொண்டே உரக்க எண்ண வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கக் கூடாது, ‘லாபம்’ என்றுதான் தொடங்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு. இன்றைக்கும் காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினால் எனக்கு முதல் மாத்திரை லாபம்தான். இரத்த அழுத்தத்துக்கு விழுங்குகிற மாத்திரையில் என்ன லாபம் என்று மருமகள் கேட்கிறாள்.

மாம்பழக் காலம் முடிந்ததும் மண்டி வேலையும் முடிந்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சப்ளையர் ஆனேன். அங்கேயும் கத்தல்தான், சமையற்கட்டைப் பார்த்து. பிறகு டூரிங் டாக்கீஸ்காரரிடம் சேர்ந்து, மாட்டு வண்டியில் உட்கார்ந்து தகரக் குழாயில் இன்றைய படம் என்னவென்று சந்தைக்குச் சந்தை கத்தினேன். அதற்கப்புறம் ஒசூரில் ஒரு பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பர். அங்கேதான் கன்னடமும் தெலுங்கும் காதில் விழத் தொடங்கின. பயணிகளைக் கூப்பிட மூன்று பாஷையிலும் கத்த வேண்டுமே. “உனக்குத் தொண்டை இருக்குது, காலுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது” என்றார் என் அப்பா. அவர் சொன்னதில் பாதிதான் நியாயம். கால் நிற்கத் தயாராகத்தான் இருந்தது, வேலைதான் நிற்கவில்லை.

கடைசியாகக் கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலை. பாறைக்கு வெடி வைக்கிற இடத்தில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நின்று, “வெடி! வெடி!” என்று கத்தி ஆட்களை விரட்டுவது. இது மட்டும் கத்தலோடு முடிகிற வேலை அல்ல. ஐந்து குழியில் மருந்து கெட்டித்திருந்தால் ஐந்து சத்தம் கேட்க வேண்டும். நான்கு கேட்டால் ஒருவரும் அசையக் கூடாது. ஐந்தாவது வெடிக்காமல் புகைந்து அணைந்துபோனதா, இல்லை உள்ளே உயிரோடு கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பகல்கள் அந்த வராத சத்தத்துக்காகக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எதையும் எண்ணிவிட்டு மறுபடி எண்ணுகிற வியாதி எனக்கு அங்கே பிடித்ததுதான்.

நடுவில் ஒரு தபால் ஆபீசில் தற்காலிகமாக இருந்தபோது தந்திக் கட்டையை அடிக்கப் பழகியிருந்தேன். போலீசில் தந்தி தெரிந்தவர்களை ஒயர்லெசுக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். கிடைத்தது. இப்படியாக, வயிறு கிழியக் கத்திப் பிழைத்தவனுக்கு முதன்முதலாகக் காதால் பிழைக்கிற வேலை வந்தது.

காதால் பிழைப்பது அந்த ஊரில் லேசான காரியமா? எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தாண்டை மைசூர் ராஜ்யம், கடை திறந்திருக்கும். ஆகவே பாட்டில்கள் காரிலும் வைக்கோல் வண்டியிலும் இந்தப் பக்கம் வரும். ஒரு நாள் எங்கள் சாவடி ஒன்றிலிருந்து கான்ஸ்டபிள் முனியப்பா டெலிபோனில் அலறினான்.

“அண்ணா! நல்ல காரு! நல்ல காரு வருது!”

நல்ல கார் என்றால் யாரோ நல்லவர்கள் வருகிறார்கள், பெரிய மனிதர்களாக இருக்கும் என்று எண்ணி, வருகிறது நல்ல கார், விட்டுவிடுங்கள் என்று வேனுக்குச் சொன்னேன். வேனில் இருந்தவர்கள் அந்தக் காருக்கு சல்யூட் அடித்து அனுப்பினார்கள். பின் சீட்டு முழுக்கப் பாட்டில். முனியப்பாவின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. கறுப்புக் கார் வருகிறது, பிடி என்று அவன் சொல்லியிருக்கிறான்.

“நல்ல காருன்னா என்னய்யா நெனச்ச, நாலு சக்கரமும் ஒழுங்கா இருக்கறதுன்னா?” என்று இன்ஸ்பெக்டர் கிழித்தார்.

முனியப்பாவைத் தனியாகப் பிடித்து நான் கிழித்தேன். “ஏண்டா, எங்கிட்டப் பேசறப்பத் தமிழ்லதானே பேசுவ? அன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“காரப் பாத்ததும் படபடன்னு ஆயிப்போச்சுங்ணா. படபடப்புல எனக்கு எங்கம்மா பாஷைதான் வாயில வரும்” என்றான்.

அவனை எனக்குப் பிடித்துப் போனது அந்தப் பதிலால்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவன். சில மாதங்களில் அவனை வேனுக்கு மாற்றினார்கள். வேனிலிருக்கிற செட்டில் பேசுவது அவன்தான். ஆகவே ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவன் குரல் என் காதில் விழும்.

இன்னொரு குரலும் உண்டு. பாகலூருக்கு அப்பால் மைசூர்ப் பக்கத்துச் சாவடியில் கெம்பண்ணா என்று ஒரு காவலர். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் அரைகுறை. ஆனால் நான் கன்னடத்தில்தான் கேட்பேன், அவர் தமிழில்தான் பதில் சொல்வார். ஒருவருக்கொருவர் மரியாதை. எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்குப் போக வேண்டும் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்த காலம் அது. நாங்கள் இரண்டு பேரும் அடுத்தவர் பாஷையைக் கொலை செய்துகொண்டு சிநேகமாக இருந்தோம். “ஊட்டா ஆய்த்தா?” என்று நான் சாப்பாட்டை விசாரிப்பேன். “ஆச்சு சாமி, நீங்கோ?” என்பார். தமிழில் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு சாமி போடுவார். தமிழ் என்றாலே சாமியோடுதான் முடியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

இந்த சாமியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. ஓட்டிலிருந்து ஐந்து இடத்தில் ஒழுகியது. பேட்டரிமேல் படாமல் ஐந்து ஏனங்களை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் முனியப்பாவின் மனைவி லட்சுமம்மா, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். ஊர் மைசூர்ப் பக்கம். கூட அவளுடைய அண்ணன். பாகலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் முனியப்பாவே ஏற்றிவிட்டு, அப்படியே வந்து வேனில் ஏறினான். பஸ் பாகலூர்ப் பக்கம் ஆற்றுத் தரைப்பாலத்தைத் தாண்டி, எல்லையில் கெம்பண்ணாவின் சாவடியில் நின்றுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் பாகலூரிலிருந்து தகவல் வந்தது. மேலே மைசூர்ப் பக்கம் பேய்மழை, ஆறு திடீரென்று ஏறிவிட்டது, தரைப்பாலம் மூழ்கிவிட்டது. பஸ் பாலத்தைத் தாண்டியதா என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

வேனை ஆற்றுக்கு அனுப்ப மைக்கை எடுத்தேன். அதே நேரம் வாசலில் ஒரு சைக்கிள் விழுகிற சத்தம். தொரப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தலையாரி, தலையில் கோணிச்சாக்கோடு ஓடி வந்தார்.

“ஏரிக்கரை கசியுதுங்கய்யா! கரை காலடியில கூலிக்காரங்க குடிசை. சொன்னா எந்திரிக்க மாட்டேங்கறாங்க. காக்கிச் சட்டை வந்து நின்னாத்தான் நகருவாங்க. ஒடனே வாங்கய்யா!”

ஆறு வடக்கே. ஏரி கிழக்கே. வேன் நடுவில், ஊருக்குள். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணகிரியில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஸ்டேஷனில் பெரியவர் ஏட்டய்யாதான். பருத்த மனிதர், வெற்றிலை போடாமல் நான் பார்த்ததில்லை. அன்று வாய் காலியாக இருந்தது.

“வேனு ஒண்ணுதான்யா இருக்குது. பிச்சா குடுக்க முடியும்?” என்றார். “பஸ்ஸு அந்தாண்ட போய்ச் சேந்துருந்தா ஏரிக்கு அனுப்பலாம். சேரலன்னா ஆத்துக்குத்தான் போவணும். கெம்பண்ணாவக் கேளு.”

கெம்பண்ணாவின் சாவடிக்கு லைன் கிடைக்க எக்ஸ்சேஞ்சில் மூன்று தடவை கெஞ்சினேன். கிடைத்தது. பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இரைச்சல்.

“கெம்பண்ணா! பஸ் பந்திதெயா?” பஸ் வந்திருக்கிறதா என்றுதான் கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அவர் யாரையோ அதட்டினார், “ஏ, ஆச்செ ஹோகோ!” அந்தப் பக்கம் போடா என்று. பிறகு வாயை டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்து, தெளிவாக, ஒரே ஒரு சொல் சொன்னார்.

“இல்லே—”

படீரென்று ஒரு சத்தம். லைன் செத்துவிட்டது. எங்கேயோ கம்பம் சாய்ந்திருக்க வேண்டும்.

“என்னய்யா சொன்னான்?” என்றார் ஏட்டய்யா.

“இல்லேன்னாருங்க.”

“போச்சு. பஸ்ஸு சேரல. ஆத்துக்கு அனுப்பு.”

என் கை மைக்கில் இருந்தது. அழுத்தவில்லை. “ஐயா, அது கன்னட இல்லேயா இருந்தா?”

“இல்லேயில ஏதுய்யா கன்னடம் தமிழு?”

இருக்கிறது. கன்னடத்தில் ‘இல்லே’ என்றால் இங்கேயே என்று அர்த்தம். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர்கள் ‘இல்லா’ என்பார்கள். கெம்பண்ணா தன் பாஷையில் பேசியிருந்தால், பஸ் இங்கேயே நிற்கிறது. வழக்கம்போல எனக்காகத் தமிழில் பேசியிருந்தால், பஸ் வரவில்லை. ஒரே சொல், ஒரே ஒலி. ஒன்றில் லட்சுமம்மா சாவடியில் பத்திரமாக இருக்கிறாள், மற்றதில் ஆற்றில் இருக்கிறாள்.

ஏட்டய்யாவுக்கு இதை விளக்கினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்கு என்னய்யா தோணுது?”

“கன்னடம்னுதாங்க. யாரையோ கன்னடத்துல அதட்டிட்டு, அந்த வேகத்துலயே சொன்னாரு. சாமி போடல.”

“எவ்வளவு உறுதி?”

“பத்துக்கு ஏழுங்க.”

“மிச்சம் மூணு?”

வாசலில் தலையாரி சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே, “ஐயா, கரை நிக்காதுங்கய்யா” என்றார். ஏட்டய்யா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏரிக்கு அனுப்பு. உத்தரவு என்னுது. போ, சொல்லு.”

உத்தரவு அவருடையது. அதை முனியப்பாவிடம் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. மைக்கை அழுத்தினேன்.

“நம்பர் ஒன். ஏரிக்குப் போகணும். தொரப்பள்ளி ரோடு. தலையாரி குறுக்கு வழியில வர்றாரு. ஓவர்.”

“என்னாண்ணா, பாலம் மூழ்கிருச்சுன்னு இங்க ஊரே பேசுது. பஸ்ஸு போய்ச் சேந்துச்சா? ஓவர்.”

பொய் சொல்லியிருக்கலாம். சேர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை. சொல்ல வரவில்லை.

“கெம்பண்ணா ‘இல்லே’ன்னாரு. ஓவர்.”

இரைச்சல். பிறகு அவன் குரல், ரொம்ப அமைதியாக. “அப்ப நாங்க ஆத்துக்குப் போறோம்.”

“இரு முனியப்பா. கன்னட இல்லேன்னு நெனைக்கறேன். இங்கயேன்னு. லைன் போச்சு, திரும்பக் கேக்க முடியல. ஓவர்.”

அவனுக்கும் கெம்பண்ணாவைத் தெரியும். பல தடவை அந்தச் சாவடியில் டீ குடித்திருக்கிறான். உடனே கேட்டான், “சாமின்னாராண்ணா?”

“கேக்கல.”

“கேக்கலயா, சொல்லலயா?”

ஐந்து குழி, நான்கு சத்தம். அவர் சாமி சொல்லாமல் விட்டாரா, சாமி சொல்வதற்குள் கம்பி அறுந்ததா? அவன் கேட்ட பிறகுதான் அந்த மூன்று பங்கின் முழுக் கனமும் எனக்குத் தெரிந்தது.

“தெரியலடா” என்றேன். ஒயர்லெசில் டா போடக் கூடாது. போட்டேன். “நீ அன்னைக்கு நல்ல காருன்னியே. காரப் பாத்ததும் உங்கம்மா பாஷை வந்துச்சுன்னியே. அவரு குரலும் அப்படித்தான் இருந்துச்சு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

நீண்ட இரைச்சல். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எதையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை.

“சரிங்ணா. ஏரிக்குப் போறோம். ஓவர்.”

அதன் பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை. ஜன்னலில் எட்டுக் கம்பிகள். மறுபடி எண்ணினாலும் எட்டு. ஏனங்கள் நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டினேன். டெலிபோனை எடுத்து எடுத்துக் காதில் வைத்தேன், கல் மாதிரி இருந்தது. ஏட்டய்யா ஒரு வெற்றிலையை மடித்துக் கையில் வைத்திருந்தார், வாயில் போடவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“அந்தப் பொண்ணுக்கு எத்தினியாவது மாசம்?”

“ஏழு முடிஞ்சுதுங்க.”

அதற்கப்புறம் அவர் என்னைப் பார்க்கவில்லை.

வேன் பேசியது. முனியப்பாவின் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஆட்களை மேட்டுக்கு ஏற்றுகிறோம். ஒருவன் மட்டும் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறான். பின்னால் அந்த ஆள் கத்துவதும் கேட்டது, “என்ன வுட்டுட்டு ஆட்டத் தூக்குங்க சாமி!” சாமி என்ற சொல் காதில் விழுந்ததும், செத்துக் கிடந்த டெலிபோனை மறுபடி எடுத்துக் காதில் வைத்தேன். மறுபடி பேசினான். ஆட்டையும் தூக்கியாச்சு. எல்லாரும் மேட்டில் இருக்கிறார்கள், இருபத்திரண்டு பேர். அப்புறம் இன்னொரு தடவை. கரை உடைந்துவிட்டது, குடிசைகள் போய்விட்டன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

பஸ்ஸைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் “ஓவர்” சொல்லிவிட்டு நிறுத்தினான். கேட்டால் நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்தானோ என்னவோ. திட்டியிருந்தால்கூட எனக்கு மூச்சு விட முடிந்திருக்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் டெலிபோன் அடித்தது. எடுத்தேன். அதே பானை, அதே இரைச்சல்.

“ஊட்டா ஆய்த்தா சாமி?”

“கெம்பண்ணா! பஸ்! முனியப்பா சம்சாரம்!”

“முனியப்பா ஹெண்டதியா? அவரு இல்லே—”

லைனில் ஒரு கொரகொரப்பு. ஏட்டய்யா எழுந்து நின்றுவிட்டார். எனக்கு மேசை விளிம்பு கையில் அழுந்தியது மட்டும் தெரிந்தது.

“—இதாரெ சாமி. இல்லே இதாரெ. காபி குடிதா இதாரெ.”

இங்கேயே இருக்கிறார். காபி குடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் ஏறுவதற்குச் சற்று முன்னால் பஸ் பாலத்தைத் தாண்டியிருக்கிறது. நான் முதலில் கூப்பிட்டபோது சாவடி வாசலில், அவர் கண்ணுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறது. மேலே ரோட்டிலும் தண்ணீர் என்று அப்புறம் அவர் அதை விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிச் சாவடிக்குள் நெருக்கியடித்தவர்களில் ஒருவனைத்தான் அவர் அதட்டியிருக்கிறார்.

மைக்கை அழுத்தி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் முனியப்பா பட்டனை அழுத்திவிட்டான் என்று தெரிந்தது. உடைந்த ஏரியின் ஓசை கேட்டது, யாரோ பேசுவது கேட்டது, ஆடு கத்தியது. அதற்கெல்லாம் முன்னால், மிகப் பக்கத்தில், ஒருவன் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. பட்டனை விட வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. நானும் விடச் சொல்லவில்லை. ஏட்டய்யா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இடுப்புவரை சேற்றோடு முனியப்பா அறைக்குள் வந்தபோது நான் எழுந்து நின்றேன். அவன் நன்றி சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. “அந்த வார்த்தை இனிமே நம்ம லைன்ல வாண்டாங்ணா” என்றான்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். இருந்தால் ‘உண்டு’. அந்தச் சொல் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் கன்னடக்காரனுக்கும் புரியும். இல்லாவிட்டால் ‘நோ’. அது மூன்று பேருக்கும் சமமாகப் புரியாத பாஷை, சண்டை இல்லை. கெம்பண்ணாவும் ஒத்துக்கொண்டார். “உண்டு சாமி” என்று பழகினார். சாமியை விட முடியவில்லை அவரால். ஏட்டய்யாவுக்கு மட்டும் இது பெரிய வேடிக்கை. “என்னய்யா, ரெண்டு ராஜ்யத்தையும் உண்டு இல்லேன்னு பண்ணிட்டீங்க” என்பார்.

லட்சுமம்மாவுக்குப் பெண் பிறந்தது. அவள் திரும்பி வந்த பிறகு அவர்கள் வீட்டுக்கு நான் போனால், “வாங்க இல்லேண்ணா” என்று வரவேற்பாள். எனக்கு அதுவே பெயராகிவிட்டது. “ஆத்துல போனாப் போறாள்னு ஏரிக்குப் போன மனுசன் இவுரு” என்று புருஷனைக் குத்துவாள். “பத்துக்கு ஏழுன்னு எங்கண்ணன் கணக்குப் போட்டாரு. அவரு கணக்கு தப்புமா?” என்பான் அவன். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். அந்த மூன்று பங்கு என் சாப்பாட்டு இலையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும். சரியாக முடிந்த விஷயத்துக்கு ஏன் இப்படி அரித்துக்கொள்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

பிறகு எனக்கு வேறு ஊர்களுக்கு மாற்றல் வந்தது. கெம்பண்ணாவை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தேன். குரலுக்குப் பொருந்தாத சின்ன மனிதர். முதலில் அடையாளமே தெரியவில்லை, “சாமி” என்ற பிறகுதான் தெரிந்தது. அவர் போய்ப் பல காலமாகிறது. அந்தச் சாவடி இருந்த இடத்தில் இப்போது லாரிகளுக்கு எடைமேடை. ஒயர்லெஸ் ரூமை இடித்துவிட்டார்கள். ஒசூரில் பாக்டரி ஷிப்ட் விடுகிற நேரத்தில் காது கொடுத்தால் பத்துப் பாஷை கேட்கிறது, எதையும் பிரித்தறிய எனக்குச் சக்தியில்லை.

ஓய்வு பெற்ற பிறகு முனியப்பா கிருஷ்ணகிரியில் மகளோடு இருந்தான். தினமும் காலையில் எனக்கு டெலிபோன் செய்வான். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது.

“உண்டாங்ணா?”

“உண்டு.”

அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறாயா, இருக்கிறேன். வைத்துவிடுவோம். சில நாள் அவன் குரலில் சளி இருக்கும், சில நாள் என் குரலில். யார் முதலில் ‘நோ’ சொல்லப் போகிறோம் என்று அவன் ஒரு தடவை கேட்டான். செத்தவன் எப்படிடா பேசுவான் என்றேன்.

போன மாசியில் ஒரு காலை, வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி டெலிபோன் அடித்தது. நான் முந்திக்கொண்டேன். “உண்டாடா?”

பேசியது அவனுடைய மகள். அந்த பஸ்ஸில், தாய் வயிற்றில், கெம்பண்ணாவின் சாவடியில் காத்திருந்தாளே, அவள்தான். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். எங்கள் சங்கேதமெல்லாம் அவளுக்குத் தெரியாது. என்னோடு எப்போதும் பேசுகிற தமிழில் சொன்னாள்.

“பெரியப்பா... அப்பா இல்லே.”

லைன் அறுந்துபோகவில்லை. இரைச்சலும் இல்லை. இந்தக் காலத்து டெலிபோனில் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு. நான் டெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘இதாரெ’ என்று வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.